மின்னலின் பிளாஸ்மாவும் குருதியின் பிளாஸ்மாவும்

சித்திரைப் பிற்பகல்களில் கண்டியின் ஹந்தானை மலைமேல் கருமுகில் திரண்டு மின்னல் பாயும்போது, அதன் பாதையிலுள்ள காற்று ஒரு கணத்தில் ஏறத்தாழ 30,000 பாகை செல்சியஸ் வரை சூடேறி, அணுக்களைவிட்டு இலத்திரன்கள் பிரிந்தோட, திண்மமுமன்று, திரவமுமன்று, சாதாரண வாயுவுமன்று என்னும்படியான ஓர் அவஸ்தையை அடைகிறது. பௌதிக சாஸ்திரிகள் இதனைப் பிளாஸ்மா என்பர். சூரியனும் நட்சத்திரங்களும் பெரும்பாலும் இதனாலானவையே. வீட்டுக் குழல்விளக்கினுள் இரச ஆவியை ஒளிரச் செய்வதும், பட்டறையில் உருக்குத் தகட்டை அறுப்பதும் இதுவே.

அதே கண்டி நகரின் தேசிய வைத்தியசாலையை அடுத்து நோக்குவோம். தானமாகப் பெற்ற குருதியை வேகமாகச் சுழற்றினால் செங்கலங்கள் அடியிற் படிய, மேலே இளமஞ்சள் நிறத்தில் தெளிந்து நிற்கும் திரவத்துக்கும் பிளாஸ்மா என்றே பெயர். குருதியில் ஏறக்குறைய 55 வீதம் இதுதான். பெரும்பகுதி நீர், எஞ்சியவை புரதங்களும் உப்புகளும்.

இவ்விரண்டும் ஒரே பெயரைப் பெற்றது தற்செயலன்று. 1928இல் அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர், மின்னேற்றிய வாயு இலத்திரன்களையும் அயன்களையும் சுமந்து செல்வதைக் கண்டபோது, குருதித் திரவம் கலங்களைச் சுமப்பதே அவர் நினைவுக்கு வந்ததென்று, உடன் பணியாற்றிய ஹரோல்ட் மொட்ஸ்மித் பிற்காலத்தில் எழுதியிருக்கிறார்.

எனினும் நம் மக்கள் அவசியம் அறிய வேண்டியது இரண்டாவது பிளாஸ்மாவையே. 2017இல் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்கு கண்டதாகப் பதிவாயிற்று. இந்நோய் கடுமையாகும்போது மயிர்க்குழாய்களின் சுவர் நெகிழ்ந்து, பிளாஸ்மா நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் கசிகிறது; செங்கலங்கள் உள்ளேயே தங்கிவிடுவதால் குருதி தடிக்கிறது. அதனாற்றான் தாதியர் அடிக்கடி சில துளி இரத்தம் எடுத்து, மெல்லிய கண்ணாடிக் குழாயிலிட்டுச் சுழற்றி, செங்கலங்களின் வீதம் ஏறுகிறதா என்று அளக்கின்றனர். கசிவு 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். பின்னர் கசிந்த திரவம் குருதிக்கே மீளுமாதலின், அளவுக்கு மிஞ்சிச் சேலைன் ஏற்றுவதும் ஆபத்தே.

இக்கசிவு பெரும்பாலும் காய்ச்சல் தணியும் தருணத்திலேயே தொடங்குகிறது. ஆகையால் காய்ச்சல் இறங்கியபின் கடும் வயிற்றுவலியோ, ஓயாத வாந்தியோ, கைகால் குளிர்ச்சியோ கண்டால், நோய் விட்டதென்று வீட்டிலிருந்துவிடாதீர்கள். அஸ்பிரின், இபுபுறூபன் முதலியவற்றைக் கொடாது, உடனே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லுங்கள்.