வேகம் கூட்டினால் போதுமா?

இரவு எட்டரை மணி. பனியன் கம்பெனிகளில் ஷிப்ட் முடியும் நேரம். அப்போது திருப்பூரின் சாலை ஒன்றில் நின்று பார்த்திருக்கிறீர்களா? பண்டில்களைச் சுமந்து செல்லும் மொபெட்டுகள், ஆட்களை ஏற்றிய வேன்கள், கூட்டம் கூட்டமாக நடந்து வரும் தொழிலாளர்கள். அவ்வளவுக்கும் நடுவே 'விர்'ரென்று ஒரு புதிய மோட்டார் சைக்கிள் பாய்கிறது. எல்லோர் கழுத்தும் அந்தப் பக்கம் திரும்புகிறது. உங்கள் கழுத்தும் திரும்பியிருக்கும்! அதில் தவறொன்றும் இல்லை. ஓர் இயந்திரத்தின் ஆற்றலைக் கண்டு வியப்பதும் அறிவியலுக்கு ஒரு வாசல்தான்.

சென்ற மாதம் என் கல்லூரி மாணவர் ஒருவர் அப்படிப்பட்ட வண்டியில் வந்து இறங்கினார். 40 குதிரைத்திறனுக்கும் மேல். வாங்கி இரண்டே வாரம். அதற்குள் அவருக்கு இரண்டு சந்தேகங்கள்.

"சைலன்சரை மாத்தினா பிக்கப் கூடுமுங்களா சார்? முன்னாடி ஸ்பிராக்கெட்டுல ஒரு பல் கூட்டினா டாப் ஸ்பீடு ஏறும்னு மெக்கானிக் அண்ணன் சொல்றாருங்க."

இரண்டும் நல்ல இயற்பியல் கேள்விகள். "உட்காரு தம்பி" என்றேன். அவர் வயதில் எனக்கும் இதே கேள்விகள் இருந்தன. அவற்றுக்கு நான் விடை கண்ட கதையை உங்களுக்கும் சொல்கிறேன்.

சைலன்சரில் ஓர் எதிரொலி

2001-ஆம் ஆண்டு. பழைய யமஹா ஆர்.எக்ஸ்.100 ஒன்றை வாங்கியிருந்தேன். பழையது என்றாலும் எனக்கு அது புது வண்டி! அதன் உருளையின் விட்டம் 50 மி.மீ.; பிஸ்டன் நகரும் தூரமும் 50 மி.மீ. கனஅளவை நீங்களே கணக்கிடலாம்: ஏறக்குறைய 98 கன செ.மீ. அந்தச் சின்னஞ்சிறு எஞ்சின் தந்த திறன் 11 குதிரைத்திறன். அது எனக்குப் போதவில்லை. புகை தாராளமாக வெளியேறினால் வேகம் கூடும் என்று எண்ணி, சைலன்சரின் பின்பகுதியை அறுத்து எடுத்தேன். சத்தம் தெருவையே எழுப்பியது. ஆனால் வண்டியின் இழுவை குறைந்துவிட்டது!

காரணம் என்ன? அது இரு வீச்சு எஞ்சின். அதில் புகை வெளியேறும் துளை திறந்திருக்கும்போதே புதிய பெட்ரோல் கலவையும் உள்ளே வருகிறது. அதில் ஒரு பகுதி புகையோடு சேர்ந்து வீணாக வெளியே ஓடிவிடும். இதைத் தடுப்பது எது? கிணற்றுக்குள் கத்தினால் குரல் திரும்பி வருகிறதல்லவா? அதுபோலப் புகைக்குழாயில் ஓடும் அழுத்த அலையும், குழாய் குறுகும் இடத்தில் மோதித் திரும்புகிறது. திரும்பிய அலை, தப்பி ஓடும் கலவையை மீண்டும் உருளைக்குள் தள்ளுகிறது.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். எஞ்சின் நிமிடத்துக்கு 7,500 சுற்றுகள் சுற்றினால், ஒரு சுற்றுக்கு 8 மில்லி வினாடி. துளை திறந்திருப்பது ஏறத்தாழ அரைச் சுற்று, அதாவது 4 மில்லி வினாடி. சூடான புகையில் ஒலியின் வேகம் தோராயமாக வினாடிக்கு 500 மீட்டர். அலை ஒரு மீட்டர் போய்த் திரும்ப எவ்வளவு நேரம்? அதே 4 மில்லி வினாடி! துளை மூடும் தறுவாயில் அலை வந்து சேரும்படி குழாயின் நீளமும் வடிவமும் அமைகின்றன. நான் அறுத்து எறிந்தது இரும்பை மட்டுமல்ல, அந்த எதிரொலியையும்தான்.

இந்த நுட்பத்தை 1950-களில் வளர்த்தெடுத்தவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். நிறுவனப் பொறியாளர் வால்டர் காடன். அலைநோக்கிக் கருவியில் அலைகளைப் பார்த்துப் பார்த்துக் குழாயைத் திருத்தினார். 1961-இல் அவருடைய 125 கன செ.மீ. பந்தய எஞ்சின் 25 குதிரைத்திறனை எட்டியது. அவரும் சைலன்சரை மாற்றியவர்தான். ஆனால் அளந்து மாற்றினார். நானோ அறுத்துவிட்டுப் பார்த்தேன்.

என் மாணவரின் வண்டி நான்கு வீச்சு வகை. அதன் புகைக்குழாயில் ஆக்சிஜனை அளக்கும் உணரியும், நச்சு வாயுக்களை மாற்றும் வினையூக்கியும் உள்ளன. கண்டபடி கழற்றினால் எஞ்சினின் கணிப்பொறி குழம்பும். கார்பன் மோனாக்சைடு காற்றில் கூடும்.

பவர் டேபிளும் பற்சக்கரமும்

இனி ஸ்பிராக்கெட். உங்கள் வீட்டில் யாரேனும் பவர் டேபிளில் தைப்பவராக இருந்தால் அவரிடம் கேளுங்கள். மோட்டாரில் பெரிய புல்லியை மாட்டினால் மெஷின் வேகமாக ஓடும். ஆனால் ஊசி சூடேறும், நூல் அறும், தடித்த துணி வந்தால் மெஷின் திணறும். மோட்டாரின் திறன் கூடவில்லை. வேகத்துக்காக இழுவையை விட்டுக்கொடுத்தோம், அவ்வளவுதான்.

மோட்டார் சைக்கிளிலும் இதே கதைதான். முன்னே 14 பற்கள், பின்னே 42 பற்கள் என்று கொள்வோம். எஞ்சின் பக்கப் பற்சக்கரம் 3 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும். முன்னே 15 ஆக்கினால் 2.8 முறை போதும். எஞ்சினின் அதே சுற்றுக்கு வேகம் 7 சதவீதம் கூடும். சக்கரத்தைத் தள்ளும் விசை அதே அளவில் குறையும்.

உச்ச வேகமாவது கூடுமா? அங்கே காற்று குறுக்கே நிற்கிறது. காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. அதை வெல்லத் தேவையான திறனோ வேகத்தின் கனத்துக்கு ஏற்ப உயர்கிறது. 10 சதவீதம் கூடுதல் வேகத்துக்கு 1.1 x 1.1 x 1.1 = 1.33, அதாவது 33 சதவீதம் கூடுதல் திறன் வேண்டும். ஒரு பல் அதை எங்கிருந்து தரும்?

அந்த முப்பது மீட்டர்

இந்தக் கணக்கை நான் அன்று போடவில்லை. ஸ்பிராக்கெட்டை மாற்றினேன். மாற்றியதைச் சோதித்துப் பார்க்க ஒரு மாலை மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் வந்துகொண்டிருந்தேன். சுமார் 30 மீட்டர் முன்னால், ஒரு சந்திலிருந்து பண்டில் ஏற்றிய மொபெட் சாலைக்குள் திரும்பியது.

வேகம் 70 என்றால் வினாடிக்கு 19.4 மீட்டர். கண் பார்த்து, கை பிரேக்கைப் பிடிக்க ஒரு வினாடி. அதற்குள் 19 மீட்டர் கடந்துவிட்டது. மீதி 11 மீட்டர்தான். சாலைக்கும் டயருக்கும் உள்ள உராய்வுக் கெழு 0.7 என்று கொண்டால், மோதும் கணத்திலும் வேகம் மணிக்கு ஏறத்தாழ 54 கி.மீ. இருக்கும்.

அதே இடத்தில் 50 கி.மீ. வேகத்தில் வந்திருந்தால்? முதல் வினாடியில் 14 மீட்டர். பிரேக் பிடித்த பின் இன்னும் 14 மீட்டர். மொத்தம் 28. மொபெட்டைத் தொடாமலே நின்றிருப்பேன்! 50-க்கும் 70-க்கும் வேறுபாடு 20 தானே என்று தோன்றும். ஆனால் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அது ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிடுகிறது.

பனியன் பண்டில்கள் மெத்தை போல இருந்ததால் அந்தப் பெரியவரின் உயிர் தப்பியது. கால் எலும்பு முறிந்தது. மூன்று மாதம் அவரால் வேலைக்குப் போக முடியவில்லை. வாரந்தோறும் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் என்னைத் திட்டவில்லை. "வண்டி புதுசுங்களா தம்பி?" என்று ஒருமுறை கேட்டார். அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

ராஜ்தூத் சொல்லும் பாடம்

ஓடும் ஆற்றலும் நிற்கும் ஆற்றலும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்க வேண்டும். இதற்கு நம் நாட்டிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. 1983-இல் எஸ்கார்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் ஆர்.டி.350 வண்டியை 'ராஜ்தூத் 350' என்ற பெயரில் இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. நம் சாலைகளில் அப்போது பெரிய வண்டி என்றால், சென்னை திருவொற்றியூரில் தயாரான புல்லட் 350. அதன் திறன் 18 குதிரைத்திறன். ராஜ்தூத்தின் கொள்ளளவும் ஏறக்குறைய அதேதான், திறனோ 30.5 குதிரைத்திறன். ஆனால் மூல வண்டியின் முன்சக்கரத்தில் இருந்த டிஸ்க் பிரேக் இங்கே வரவில்லை; இரு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்கே பொருத்தப்பட்டது. பிரேக் போதாது என்ற குறை கடைசிவரை அந்த வண்டியை விட்டு நீங்கவில்லை. பின்னாளில் அதை வைத்திருந்தவர்களில் பலர் தாங்களே டிஸ்க் பிரேக் பொருத்திக்கொண்டார்கள்.

இன்று சட்டமும் இதைக் கவனிக்கிறது. 2019 ஏப்ரல் முதல், 125 கன செ.மீ.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். கட்டாயம். தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது; 2019-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதி செய்தது. மீறினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ கிடைக்கலாம்.

அப்படியானால் வேக ஆசைக்கு இடமே இல்லையா? உண்டு. திருப்பூருக்கு அருகில், கோவை செட்டிபாளையத்தில் 2003-இல் திறக்கப்பட்ட கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயப் பாதை இருக்கிறது. மாருதி எஞ்சினைக் கொண்டு பந்தயக் கார்கள் கட்டிய கோவைக்காரர் எஸ். கரிவரதனின் பெயரைத் தாங்கியது அது. அங்கே சந்திலிருந்து மொபெட் வராது.

நீங்களும் செய்து பாருங்கள்

என் மாணவர் சைலன்சரைத் தொடவில்லை, ஸ்பிராக்கெட்டையும் மாற்றவில்லை. பிரேக் நெம்புகோலைத் தம் விரலுக்கு எட்டும்படி சரிசெய்தார். டயரின் காற்றழுத்தத்தையும் செயினின் தொய்வையும் பார்த்தார். பிறகு தலைக்கவசம் அணிந்து, ஆளில்லாத கல்லூரி மைதானத்தில் 20, 30, 40 கி.மீ. வேகங்களில் பிரேக் பிடித்து, நின்ற தூரத்தை நாடாவால் அளந்தார். வேகத்தின் வர்க்கத்துக்கு எதிரே தூரத்தைக் குறித்தபோது புள்ளிகள் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் விழுந்தன!

கியர் வண்டி ஓட்ட உங்களுக்கு 18 வயது ஆக வேண்டும். ஆனால் இந்தச் சோதனைக்குச் சைக்கிளே போதும். பள்ளி மைதானத்தில் 10 மீட்டர் இடைவெளியில் இரண்டு சுண்ணாம்புக் கோடுகள் போடுங்கள். அந்த இடைவெளியைக் கடக்கும் நேரத்தை நண்பர் ஒருவர் அளக்கட்டும். இரண்டாவது கோட்டில் பிரேக் பிடியுங்கள். நின்ற தூரத்தை அளந்து வரைபடம் போடுங்கள். உங்களுக்கும் நேர்கோடு வருகிறதா? மைதானத்தில் தண்ணீர் தெளித்த பிறகு கோட்டின் சரிவு எப்படி மாறுகிறது? உங்கள் இயற்பியல் ஆசிரியரிடம் காட்டிப் பேசுங்கள்.