சுழல் எஞ்சினுக்கு முதல் தீப்பொறி

ஆட்டுக்கல்லில் குழவி சுற்றுவதைக் கவனித்திருக்கிறீர்களா? குழியின் ஓரமாக அது வட்டமிடுகிறது. அதே சமயம் தன்னைத் தானேயும் சுற்றிக்கொள்கிறது. ஏறக்குறைய இத்தகைய ஓர் அசைவை ஜெர்மானியரான பெலிக்ஸ் வாங்கெல் எஞ்சினுக்குள் கொண்டுவந்தார். அவருடைய கருத்தில் உருவான முதல் சோதனை எஞ்சின் 1957-இல் என்.எஸ்.யு. நிறுவனத்தில் ஓடியது. மேலும் கீழும் ஓடும் பிஸ்டன் இந்த வகை எஞ்சினில் இல்லை. பக்கங்கள் சற்றே புடைத்த முக்கோணச் சுழலி ஒன்று, இடுப்பு ஒடுங்கிய நிலக்கடலை வடிவக் கூட்டுக்குள் சுற்றுகிறது. சுழலி ஒரு சுற்றுச் சுற்றுவதற்குள் நடுத்தண்டு மூன்று சுற்றுச் சுற்றிவிடும்.

ஜப்பானின் மாஸ்டா நிறுவனம் 1978-இல் வெளியிட்ட ஆர்எக்ஸ்-7 காரில் 12ஏ என்ற எஞ்சின் இருந்தது. அதில் இரண்டு சுழலிகள். பழைய கார்களைப் பேணும் ஆர்வலர்கள் இன்றும் அந்த எஞ்சினைப் பிரித்து, தேய்ந்த பாகங்களை மாற்றி, மறுபடி பூட்டுகிறார்கள். அப்படிப் பூட்டி முடித்த எஞ்சின் ஒன்று உங்கள் முன்னால் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். சாவியைத் திருப்பலாமா? கொஞ்சம் பொறுங்கள். தீப்பொறி எந்தக் கணத்தில் விழப்போகிறது என்று தெரிந்தாக வேண்டும்.

சுழலியின் மூன்று முனைகளிலும் மெல்லிய உலோகப் பட்டைகள் செருகப்பட்டிருக்கும். இவை முனைச் சீல்கள். மூன்று அறைகளையும் ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காப்பவை இவையே. தீப்பொறி முந்திவிட்டால், சுழலி கலவையை இன்னும் நெருக்கிக்கொண்டிருக்கும்போதே அது எரிந்து அழுத்தம் ஏறிவிடும். எஞ்சியுள்ள கலவை பட்டென்று ஒரே வீச்சில் வெடிக்கும். அந்த அதிர்ச்சியில் முனைச் சீல் முறியலாம். முறிந்த துண்டு கூட்டின் பளபளப்பான உட்பரப்பைக் கீறிக்கொண்டே போகும். பல வார உழைப்பு சில வினாடிகளில் பாழ்!

இந்த எஞ்சினில் ஒவ்வொரு சுழலிக்கும் இரண்டு ஸ்பார்க் பிளக்குகள் உண்டு. ஏன் இரண்டு? கலவை மிகவும் நெருங்கியிருக்கும் நேரத்தில் அறை நீண்டு, ஒடுங்கி, நடுவில் கூட்டின் இடுப்பால் நெரிக்கப்பட்டிருக்கிறது. வாயுவோ சுழலும் திசையில் பாய்கிறது. அந்த ஓட்டத்தை எதிர்த்துச் சுடர் பின்பக்கம் பரவுவது கடினம். எனவே இடுப்புக்குக் கீழே முன்பிளக், மேலே பின்பிளக். முன்பிளக் முதலில் பற்றவைக்கிறது. பின்னால் தங்கிவிட்ட கலவையைப் பின்பிளக் சற்றுப் பொறுத்துக் கவனித்துக்கொள்கிறது. வேலையில் பெரும்பங்கு முன்பிளக்குடையது. பின்பிளக் செத்துப்போனாலும் வண்டி ஓடும்; முன்பிளக் போனால் திணறும்.

அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்ட 12ஏ எஞ்சின்கள் பலவற்றில், நிதான ஓட்டத்தின்போது முன்பிளக் சரியாக உச்ச நிலையில், அதாவது 0 பாகையில், பொறி விடவேண்டும். பின்பிளக் அதற்கு 20 பாகை கழித்து. இந்த 20 பாகை எவ்வளவு நேரம்? நீங்களே கணக்கிடலாம். தண்டு நிமிடத்துக்கு 750 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 0.08 வினாடி. அதில் 18-இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 0.0044 வினாடி. கண் இமைப்பதற்கு இதைப்போல் பல மடங்கு நேரமாகும்.

இதை எப்படி அமைப்பது? எஞ்சினின் முன்புறக் கப்பியில் இரண்டு கோடுகள் உண்டு: முன்பிளக்குக்கு மஞ்சள், பின்பிளக்குக்குச் சிவப்பு. பக்கத்தில் அசையாத ஒரு முள். மஞ்சள் கோடு முள்ளுக்கு நேராக வரும்வரை தண்டைக் கையால் திருப்புகிறார்கள். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரின் பல்சக்கரத்திலுள்ள குறியை அதன் உடலிலுள்ள குறியோடு சேர்த்து உள்ளே இறக்குகிறார்கள். 12ஏ-யின் பிற்கால வகைகளில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் காந்த உணர்வி இருக்கும். சுழலும் பல் அந்த உணர்வியின் முனைக்கு நேராக வரும்படி உடலைத் திருப்பி, நட்டை இறுக்கினால் ஆயிற்று. பிஸ்டன் எஞ்சினில் இதே குறி இரண்டு சுற்றில் ஒரு தடவைதான் பற்றவைக்கும் நேரத்தைக் காட்டும். மற்றத் தடவை புகை வெளியேறும் நேரம். ஏமாந்தவர்கள் பலர். சுழல் எஞ்சினில் அந்தத் தொல்லை கிடையாது. தண்டின் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒவ்வொரு சுழலியிலும் ஒரு தடவை கலவை பற்றுகிறது.

ஆனால் வேறு தொல்லை உண்டு: நான்கு பிளக் ஒயர்கள்! முன்சுழலியின் ஒயரைப் பின்சுழலிக்கு மாட்டிவிட்டால் பொறி அரைச்சுற்றுத் தள்ளி விழும். எஞ்சின் இருமுவதோடு சரி. கிளம்ப மறுக்கும் எஞ்சினில் முதலில் பார்க்கவேண்டியது இதைத்தான்.

ஒயர்கள் சரி, இருந்தும் கிளம்பவில்லை என்றால்? தனியாக ஒரு பிளக்கை ஒயரில் செருகி, அதன் உடலை எஞ்சின் உலோகத்தில் படவைத்து, ஸ்டார்ட்டரைச் சுழற்றிப் பார்ப்பார்கள். நீலப்பொறி சடசடவென்று பாய்ந்தால் காயிலும் ஒயரும் நலம். (ஆயிரக்கணக்கான வோல்ட் பாயும் இடம் இது. பெட்ரோல் ஆவி இருந்தால் தீப்பிடிக்கும். மெக்கானிக் செய்யும்போது தள்ளிநின்று பாருங்கள்; நீங்களாகச் செய்யவேண்டாம்.) பொறி வரவில்லையா? ஒயர், டிஸ்ட்ரிபியூட்டர் மூடி, காயில், உணர்வி என்று மின்சாரம் வந்த வழியே பின்னோக்கிப் போகவேண்டியதுதான்.

பொறி நன்றாக இருந்தும் பிளக் பெட்ரோலில் நனைந்திருந்தால் அது 'ஓவர்ஃப்ளோ'. மிகுந்த பெட்ரோல் சீல்களின் மேலுள்ள எண்ணெயைக் கழுவிவிடுவதால் அழுத்தமும் குறைந்துவிடும். பெட்ரோல் வரத்தையும் பொறியையும் நிறுத்தி, பிளக்குகளைக் கழற்றிவிட்டுச் சுழற்றினால் பெட்ரோல் வெளியேறும். பிறகு துளை வழியே சிறிது எண்ணெய் விடுவார்கள்.

பிளக் இல்லாமல் சுழற்றும் அந்த நேரத்தில் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். புஸ், புஸ், புஸ் என்று மூன்று அறைகளும் ஒரே பலத்தில் ஊதவேண்டும். ஒன்று பலமாகவும் அடுத்தடுத்த இரண்டு சோர்ந்தும் கேட்டால் எந்தப் பாகம் பழுது? ஒரு முனைச் சீல், தன் இரு புறமும் உள்ள இரண்டு அறைகளுக்கும் பொதுச்சுவர் என்பதை நினைவில் வைத்து யோசியுங்கள். அந்நிலையில் டைமிங்கை எவ்வளவு திருகினாலும் பயனில்லை.

எல்லாம் சரியாகி, எஞ்சின் புகையைக் கக்கிக்கொண்டு கிளம்பிவிட்டது என்போம். இப்போது டைமிங் விளக்கின் கவ்வியை முன்சுழலியின் முன்பிளக் ஒயரில் மாட்டுகிறார்கள். பொறி விழும் கணங்களில் மட்டும் விளக்கு மின்னும். விரைந்து சுழலும் கப்பி அந்த ஒளியில் நின்றுவிட்டதுபோல் தோன்றும். மஞ்சள் கோடு முள்ளை விட்டு விலகியிருந்தால் டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை திருப்பி நேராக்குகிறார்கள். பிறகு கவ்வியைப் பின்பிளக் ஒயருக்கு மாற்றினால், அதே முள்ளுக்கு நேராகச் சிவப்புக் கோடு வந்து நிற்கவேண்டும்.