தோற்றபின் – 9: கோபியில் மிஞ்சிய ஓர் இடம்

தலைவரையும் கூட்டணியையும் மாற்றிவிட்டால் தோல்வி தீர்ந்துவிடாது என்று போன வாரம் பார்த்தோம். திருப்பூரின் நெருப்பெரிச்சல் போன்ற பனியன் தொழிலாளர் பகுதிகளில் கட்சிக் கிளைகளுக்கு எப்படி உயிர் கொடுப்பது என்பதுதான் இந்த வாரத்துக்குச் சொல்லிவைத்த விஷயம். ஆனால் அதற்கு முன்னால் 1980 வந்து வழியில் நிற்கிறது. அதை விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

1980 ஜனவரி மக்களவைத் தேர்தலில், ஆளுங்கட்சியாக இருந்த எம்.ஜி.ஆரின் அ.தி.மு.க. தமிழ்நாட்டின் 39 இடங்களில் இரண்டே இரண்டைத்தான் பிடித்தது. ஒன்று சிவகாசி, இன்னொன்று கோபிசெட்டிபாளையம். அந்தக் கோபி மக்களவைத் தொகுதி மறுசீரமைப்பில் மறைந்து, 2009 தேர்தலிலிருந்து கோபி சட்டமன்றத் தொகுதி திருப்பூர் மக்களவைத் தொகுதிக்குள் வந்துவிட்டது. பெருமாநல்லூர் சாலையில் பூலுவபட்டி பக்கம் திரும்பி நெருப்பெரிச்சலில் ஓட்டுப் போடுகிறவரும் கோபிக்காரரும் இன்று தேர்ந்தெடுப்பது ஒரே எம்.பி.யைத்தான். அத்தனை பெரிய தோல்வியிலும் அ.தி.மு.க. வாங்கிய வாக்கு ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு. 16 இடங்களை வென்ற தி.மு.க.வின் விழுக்காட்டைவிட இது கூடுதல். அ.தி.மு.க. அதிக இடங்களில் நின்றதால் வந்த கணக்கு இது என்பது சரிதான். ஆனாலும் இடங்கள் போன அளவுக்கு ஆட்கள் போய்விடவில்லை என்பது இதில் தெரிகிறது. தோற்ற கட்சி முதலில் பிரித்துப் பார்க்க வேண்டியது இதைத்தான்: நம்மை விட்டுப் போனவர்கள் யார், எதனால் போனார்கள்?

எம்.ஜி.ஆருக்கு விடை கிடைக்க அதிக நாள் ஆகவில்லை. 1979இல் அவருடைய அரசு, ஆண்டு வருமானம் 9,000 ரூபாயைத் தாண்டிய பிற்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு இடஒதுக்கீடு கிடையாது என்று ஆணை போட்டிருந்தது. திராவிடர் கழகமும் தி.மு.க.வும் அதைக் கடுமையாக எதிர்த்தன. தேர்தல் முடிவு வந்த சில வாரங்களில் எம்.ஜி.ஆர். அந்த ஆணையைத் திரும்பப் பெற்றார். அதோடு நிற்காமல் பிற்படுத்தப்பட்டோர் ஒதுக்கீட்டை 31 விழுக்காட்டிலிருந்து 50 ஆக உயர்த்தினார். சாயம் சரியில்லை என்று லாட் திரும்பி வந்தால், தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள்காரரை மாற்றிப் பயனில்லை என்பது திருப்பூருக்குத் தெரியும். கட்சிகளுக்குத்தான் அது பெரும்பாலும் தெரிவதில்லை. பிப்ரவரி 17இல் அவர் ஆட்சி கலைக்கப்பட்டது. மே மாதத்தில் நடந்த சட்டமன்றத் தேர்தலில் அ.தி.மு.க. 129 இடங்களை வென்றது.

இது அனுதாப அலைதானே, கலைப்பு தந்த பரிசுதானே என்று கேட்பார்கள். இந்த வாரம் என்னைப் பிடித்து வைத்திருக்கும் தகவல் இங்கேதான் வருகிறது. அன்று இந்திரா காந்தி அரசு கலைத்தது தமிழ்நாட்டை மட்டுமல்ல. உத்தரப் பிரதேசம், பீகார், ராஜஸ்தான், மத்தியப் பிரதேசம், பஞ்சாப், ஒரிசா, குஜராத், மகாராஷ்டிரம் என்று தமிழ்நாட்டோடு சேர்த்து மொத்தம் ஒன்பது மாநிலங்கள். அதே மே மாதத்தில் அவற்றில் எட்டு மாநிலங்கள் இந்திரா காங்கிரசின் கைக்குப் போயின. கலைக்கப்பட்ட கட்சி மீண்டும் வென்றது தமிழ்நாட்டில் மட்டுமே. கலைப்பே வாக்கைக் கொண்டுவரும் என்றால் மற்ற எட்டிலும் கொண்டுவந்திருக்க வேண்டும். சரி, எம்.ஜி.ஆர். என்ற முகம்? அந்த முகம் ஜனவரியிலும் இருந்தது. அப்போது கிடைத்தது இரண்டு இடம். கூட்டணியில் நின்ற தி.மு.க.வும் காங்கிரசும் தொகுதிகளை ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டதில் எழுந்த குழப்பம் அவருக்கு உதவியது உண்மை. ஆனால் எதிரியின் குழப்பத்தைப் பயன்படுத்திக்கொள்ளக்கூட, முதலில் தன் பக்கத்து ஓட்டையை அடைத்திருக்க வேண்டும்.

கொள்கையைக் கைவிடுவது கோழைத்தனம் என்ற வாதம் இதைவிடக் கனமானது. வசதியானவர்களே சலுகையை அள்ளிக்கொள்கிறார்கள் என்ற கவலை பொய்யானதல்ல. ஆனால் பாதிக்கப்படுகிறவர்களிடம் பேசாமல் ஓர் அரசாணையால் தீர்க்கப் பார்த்ததை வாக்காளர் ஏற்கவில்லை. அதை ஒப்புக்கொள்வதற்குத்தான் துணிச்சல் வேண்டும். 2004இல் ஜெயலலிதாவும் இதே வழியில் போனார். தமிழ்நாட்டில் ஓர் இடம்கூடக் கிடைக்காத மக்களவைத் தேர்தலுக்குப் பின், சில நாட்களிலேயே கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் போனது, விவசாயிகளின் இலவச மின்சாரம் திரும்பி வந்தது, சலுகையை மறுத்து ரேஷன் கார்டில் விழுந்த ‘எச்’ முத்திரை நீங்கியது. 2006இல் அவர் ஆட்சியை இழந்தார், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் பூஜ்யத்தில் கிடந்த கட்சி இரண்டே ஆண்டில் 61 இடங்களோடு எழுந்து நின்றது; வென்ற தி.மு.க.வுக்கு 96 இடங்கள்தான், தனிப் பெரும்பான்மை இல்லை.

ஆட்சியில் இருந்துகொண்டே தோற்றவர்களுக்கு இது முடியும், திருத்த அரசாணை கையில் இருக்கிறது. ஆட்சியையே இழந்த கட்சி எதைத் திரும்பப் பெறும்? அதற்கு மிஞ்சுவது கிளைதான். சனிக்கிழமை சம்பளம் வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டில் இருக்கும் நெருப்பெரிச்சல் தொழிலாளியைக் கிளைச் செயலாளர் எப்போது பார்ப்பார்? அந்தத் தொழிலாளியின் ஓட்டு இன்னும் தேனியிலோ மதுரையிலோ இருந்தால், அவரை எந்தக் கிளை தன் ஆளாகக் கணக்கில் வைக்கும்? இந்தத் தொழிலாளர்கள் வாடகைக்கு இருக்கும் லைன் வீடுகளின் கணக்கை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)