உங்களுக்குத் தெரியுமா? மணி அடித்தும் கிளம்பாதவர்கள்

● கூலி குறைந்தவர்தான் நேரம் காலம் பார்க்காமல் உழைப்பார் என்று நினைக்கிறோம். அமெரிக்காவில் 1983இல் நிலைமை ஏறக்குறைய அப்படித்தான் இருந்தது. பீட்டர் குன், பெர்னாண்டோ லொசானோ என்ற இரு பொருளாதார ஆய்வாளர்கள் அங்குள்ள ஆண்களின் வேலை நேரத்தை அலசினார்கள். சம்பள ஏணியின் உச்சியில் இருந்த ஐந்தில் ஒரு பங்கினரைவிட, அடியில் இருந்த ஐந்தில் ஒரு பங்கினரிடையேதான் நெடுநேர உழைப்பு அதிகம். 2002இல் எல்லாம் தலைகீழ்! உச்சியில் இருப்பவர்களிடம் அது இரண்டு மடங்கு. வயிற்றுப்பாட்டை மட்டும் காரணம் காட்டி இதை விளக்க முடியாது.

● விடையில் ஒரு பாதி வக்கீல் ஆபீஸில் கிடைக்கிறது. அமெரிக்கச் சட்ட நிறுவனங்களைப் பற்றி 1996இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இளம் வழக்கறிஞர்களில் யாரைப் பங்குதாரராக உயர்த்துவது? அர்ப்பணிப்பை அளக்க அளவுகோல் ஏது? கடிகாரத்தைப் பார்த்துவிடலாம். சம்பளம் ஏறாவிட்டாலும் பரவாயில்லை, நேரம் குறைந்தால் போதும் என்பதே பெரும்பாலோரின் ஆசையாக இருந்தது. ஆனால் முதலில் பையைத் தூக்குபவருக்கு ‘பொறுப்பில்லாதவர்’ என்று பெயர் விழுமே! ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டு எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள்.

● மறுபாதி இன்னும் சுவாரசியம். எரின் ரீட் என்ற ஆய்வாளர் 2015இல் ஒரு பெரிய ஆலோசனை நிறுவனத்தைப் பற்றி எழுதினார். அங்கே வாரம் 80 மணி நேரம் உழைப்பவரே உத்தம ஊழியர். சில ஆண்கள் கெட்டிக்காரர்கள். பக்கத்து ஊர் வாடிக்கையாளர்களாகப் பார்த்துப் பிடித்தார்கள், வீட்டிலிருந்தே வேலையை முடித்தார்கள், மாலையில் குழந்தைகளோடு இருந்தார்கள். யாரிடமும் மூச்சு விடவில்லை. மேலதிகாரிகளால் கண்டுபிடிக்க முடிந்ததா? இல்லை. நிஜமாகவே 80 மணி நேரம் உழைத்தவர்களுக்குக் கிடைத்த அதே பாராட்டு இவர்களுக்கும் கிடைத்தது. “எனக்கு நேரத்தைக் குறைத்துக் கொடுங்கள்” என்று முறையாக விண்ணப்பித்தவர்கள்தான் மதிப்பெண் இழந்தார்கள். அவர்களில் பெண்கள் அதிகம் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

● ‘மூச்சுவிட நேரமில்லை’ என்பவரை அமெரிக்கர்கள் பெரிய ஆளாக மதிக்கிறார்கள். இத்தாலியர்களோ ஓய்வாக இருப்பவரைத்தான் பெரிய ஆள் என்கிறார்கள். 2017இல் வெளியான ஆய்வு சொல்வது இது.

● நியூயார்க் டாக்ஸி ஓட்டுநர்கள் 12 மணி நேர ஷிப்டுக்கு வண்டியை வாடகைக்கு எடுப்பார்கள். சவாரி குவிகிற நாளில் அதிக நேரம் ஓட்டினால் லாபம். ஈ ஓட்டும் நாளில் சீக்கிரம் வீட்டுக்குப் போகலாம். 1997இல் வந்த ஆய்வின்படி அவர்கள் செய்தது இதற்கு நேர் எதிர்! ‘இன்றைக்கு இவ்வளவு’ என்று மனதில் ஒரு தொகை. அது சேரும்வரை ஓட்டம். ஆக, வருமானம் குறைந்த நாளில்தான் உழைப்பு நீண்டது. இந்த முடிவைப் பின்னாளில் வேறு பொருளாதார அறிஞர்கள் மறுத்தார்கள். சண்டை இன்னும் ஓயவில்லை. நம் ஊரில் நாள் வாடகைக்கு ஆட்டோ ஓட்டுபவரைக் கேட்டால், யார் பக்கம் நியாயம் என்று சட்டென்று சொல்லிவிடுவார்.

● முதல் உலகப்போரின்போது பிரிட்டனின் வெடிமருந்து ஆலைகளில் பெண்கள் இரவு பகலாக உழைத்தார்கள். அன்று எடுத்து வைத்த கணக்குகளை, ஜான் பென்கவல் என்ற ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் 2014இல் தூசி தட்டினார். வாரத்துக்கு 49 மணி நேரத்தைத் தாண்டியதும் மணிக்கு மணி உற்பத்தி சரிகிறது. 70 மணி நேரம் உழைத்து எடுத்த உற்பத்தி, 56 மணி நேரத்தில் எடுத்ததிலிருந்து அதிகம் வேறுபடவில்லை. மிச்சம் 14 மணி நேரம் காற்றோடு போயிற்று. இன்போசிஸ் நாராயண மூர்த்தி 2023இல் இளைஞர்களிடம் கேட்டதும் இதே 70தான்!

● அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் வில்லியம் ஹால்ஸ்டெட் வகுத்த பயிற்சி முறையில், இளம் அறுவை மருத்துவர்கள் மருத்துவமனையிலேயே குடியிருக்க வேண்டும். கொக்கெய்னைத் தன் உடம்பிலேயே சோதித்துப் பார்த்து அதற்கு அடிமையானவர் அந்த மேதை. பயிற்சி மருத்துவர்களுக்கு வாரம் 80 மணி நேரம் என்ற வரம்பு நாடு முழுவதும் வந்தது 2003இல்தான்.

● அதிக வேலையால் வரும் சாவுக்கு ஜப்பானில் ‘கரோஷி’ என்று பெயர். 1969இல் ஒரு செய்தித்தாள் நிறுவனத்தின் அனுப்புதல் பிரிவில் வேலை பார்த்த 29 வயது இளைஞர் பக்கவாதத்தில் இறந்ததை முதல் வழக்காகச் சொல்கிறார்கள். இறப்புக்கு முந்தைய ஒரு மாதத்தில் 100 மணி நேரம், அல்லது சில மாதங்களாகச் சராசரி 80 மணி நேரம் ஓவர்டைம் பார்த்திருந்தால் அரசு காரணத்தை வேலையோடு சேர்த்துப் பார்க்கும். டென்ட்சு என்ற விளம்பர நிறுவனத்தில் 24 வயதுப் பெண் ஊழியர் 2015இல் உயிரை மாய்த்துக்கொண்டதும் அதிக வேலையால்தான் என்று ஏற்கப்பட்டது. பிறகு அங்கே இரவு பத்து மணிக்கு விளக்கை அணைத்தார்கள். 2017இல் நீதிமன்றம் விதித்த அபராதம் 5 லட்சம் யென். அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கு அது சில்லறை. அதே ஆண்டு அரசு ஒரு யோசனை சொன்னது: மாதத்தின் கடைசி வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கே கிளம்புங்கள்! மாதக் கடைசியில் கணக்கு முடிக்கிற அவசரத்தில் யார் கிளம்புவார்கள்? திட்டம் பிசுபிசுத்தது.

● தமிழ்நாட்டுத் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா 2023 ஏப்ரல் 21 அன்று சட்டமன்றத்தில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்தன. மே 1 அன்று முதல்வர் அதைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார். சிங்காரவேலர் சென்னையில் மே தினம் கொண்டாடி அன்றோடு சரியாக நூறு ஆண்டு.

● ‘ஓ.டி. போடுங்க சார்’ என்று சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்குபவர்களும் உண்டு. நாளுக்கு 9 மணி, வாரத்துக்கு 48 மணி நேரம் தாண்டினால் இரட்டிப்புக் கூலி என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது. அடிப்படைச் சம்பளம் அரிசி பருப்புக்கே சரியாகிவிடும் வீட்டில், பிள்ளையின் பள்ளிக் கட்டணம் ஓ.டி. பணத்திலிருந்துதான் போகிறது.