நீரிறைக்கும் இயந்திரத்தின் இறுகிய உறிஞ்சு குழாயை மாற்றுதல்

மாத்தளை மாவட்டத்தின் வடபாகமாகிய தம்புள்ளை, கலேவெலப் பகுதிகளில் 1980களின் இறுதியிலிருந்து விவசாயக் கிணறுகள் பெருகின. சிறுபோகத்தில் பெரிய வெங்காயமும் மிளகாயும் பெரும்பாலும் இக்கிணறுகளையும் நீரிறைக்கும் இயந்திரத்தையும் நம்பியே வளருகின்றன. பயிர் வாடும் வேளையில், இயந்திரம் ஓடியும் நீர் வராது நின்றுவிட்டால், கமக்காரர் முதலிற் பழிப்பது இயந்திரத்தையே. காபரேற்றரைக் கழற்றிப் பூட்டுவதில் அரைநாள் கழியும். குற்றமோ பல வேளைகளில் பழைய உறிஞ்சு குழாயின் நுனியிலேயே இருக்கும்.

வயலுக்கு நீர் கொண்டுசெல்லும் குழாய் வெடித்தால் நீர் வெளியே பீறிடும், எவரும் காண்பர். உறிஞ்சு குழாயின் வெடிப்பு அவ்வாறன்று. பம்பி நீரைக் கயிறு கட்டி இழுப்பதில்லை. அது குழாயினுள்ளே காற்றழுத்தத்தைக் குறைக்க, வெளிக்காற்றின் அழுத்தம் கிணற்று நீரை மேலே தள்ளுகிறது. ஆகவே, வெடிப்பினூடாக நீர் வெளியேறாது, காற்றே உட்புகும். ஒரு துளி நீரும் சிந்தாத மூட்டு நல்ல மூட்டு என்று கொள்ளல் தவறாகும். ஓடும்போது மூட்டின்மேல் சவர்க்கார நுரையைப் பூசிப் பார்த்தால், ஒழுக்குள்ள இடத்தில் நுரை உள்ளே இழுபடும்.

பிளாஸ்ரிக் குழாயை மென்மையாக வைத்திருக்கும் பொருள் வெயிலாலும் காலத்தாலும் குறைந்துபோக, குழாய் இறுகுகிறது. இறுகிய குழாய் பம்பியின் முனையைப் பற்றிக்கொள்ளாது. கவ்வியை மேலும் முறுக்கினால் பிளக்கும். நுனி மட்டும் கெட்டு, எஞ்சிய பகுதி வளையுந் தன்மையோடிருந்தால், அரையடி வெட்டி நீக்கிவிட்டு மீண்டும் பூட்டலாம். முழுவதும் இறுகியிருப்பின் மாற்றுதலே தகும். சைக்கிள் ரியூப்பைக் கிழித்துச் சுற்றுவது அன்றைய பொழுதுக்கு உதவும். போகம் முழுவதற்கும் உதவாது.

பழைய குழாயைத் திருகித் திருகி இழுத்தல் கூடாது. பம்பியின் முனை உடையக்கூடும். கவ்வியைக் கழற்றியபின், முனையிற் கத்தி படாதவாறு குழாயை நீளவாக்கிற் கீறி உரித்தெடுத்தல் வேண்டும். முனையிற் படிந்துள்ள துருவையும் பழைய பசையையும் சுரண்டி, நன்கு துடைத்தல் வேண்டும். புதுக் குழாயின் உள்விட்டம் முனைக்குப் பொருந்தியிருத்தல் அவசியம்; இரண்டு அங்குலப் பம்பிக்கு ஒன்றரை அங்குலக் குழாயை மாட்டிப் பணம் மீதப்படுத்த முனைபவர், அதனை எரிபொருளில் இழப்பர்.

குழாயின் நுனியை நேராக வெட்டி, வெந்நீரிற் சில நிமிடம் அமிழ்த்தினால் அது இளகும். நெருப்பிற் காட்டுதல் பெருந்தவறு; குழாய் உருகுவதுடன் நச்சுப்புகையும் எழும். வழுக்குவதற்கு எண்ணெயோ கிறீசோ பூசாது, சவர்க்கார நீரைப் பூசுக. முனையின் அடிவரை குழாயைச் செலுத்தியபின் இரு கவ்விகளை, அவற்றின் திருகாணிகள் எதிரெதிர்ப் பக்கமாக அமையும்படி, பூட்டுதல் நன்று. ஓரிரு மணிநேரம் இயக்கியபின் அவற்றை மீண்டும் சிறிது முறுக்குக.

இருபதடி நீளமான இரண்டு அங்குலக் குழாயில் ஏறக்குறைய 12 லீற்றர் நீர் நிற்கும். அப்பாரம் மூட்டில் தொங்காதவாறு குழாயைக் கயிற்றாற் கட்டித் தாங்குதல் வேண்டும். கிணற்று விளிம்பிற் சாக்கு விரித்தால் குழாய் உரையாது. நீரிலிருந்து பம்பிவரை குழாய் ஏறிச்செல்லும்படி அமைத்தல் நன்று; இடையே மேடு இருந்தால் அங்கே காற்றுத் தங்கும். அடிவால்வு நீர்மட்டத்துக்கு ஓரடியேனும் கீழே, சேறு தொடாது நிற்றல் வேண்டும்.

இவ்வளவு செய்தும் நீர் எழாவிடின், கிணற்றின் நீர்மட்டத்தை அளந்து பார்த்தல் வேண்டும். கடல்மட்டத்தில் காற்றழுத்தம் நீரை ஏறக்குறைய 34 அடி உயர்த்தவல்லதாயினும், நடைமுறையில் இத்தகைய பம்பிகள் 20 முதல் 22 அடிக்கு மேல் நன்கு உறிஞ்சுவதில்லை. உயர்ந்த நிலங்களில் இன்னும் சற்றுக் குறையும். அவ்வேளையில் இயந்திரத்தைக் கிணற்றினுள் இறக்கி இயக்குதல் உயிருக்கே ஆபத்தாகும். அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டு நிறமும் மணமும் அற்றது. கிணற்றுள் தேங்கி, இறங்கியவரைச் சில நிமிடங்களில் மயங்கச் செய்யும். இலங்கையில் இவ்வாறு உயிரிழந்தோர் உளர். காப்பாற்ற இறங்கியவரும் உடன் மாண்டதுண்டு. நீர் அவ்வளவு தாழ்ந்த கிணற்றுக்கு, நீருள் அமிழும் மின்பம்பியே ஏற்றது. மின்வசதி இல்லாதவர் நீர் ஊறும்வரை பொறுத்திருந்து, அன்றைய நீரைப் பூக்கும், காய்க்கும் பாத்திகளுக்கு மட்டும் பாய்ச்சலாம்.