மண்ணுள் கிடக்கும் பாசிமணிகள்



தபால்தலை, நாணயம், தீப்பெட்டிப் படம் எனச் சேர்த்து மகிழும் பொருள்கள் பல உண்டு. இவ்வாண்டு மலரில் நாம் எடுத்துக்கொண்ட பொருள் அவற்றினும் சிறியது. கடுகளவு முதல் மிளகளவு வரை உள்ள பழங்காலக் கண்ணாடி மணிகளே அவை. நம் வீட்டுப் பெரியோர் பாசிமணி என்று வழங்குவதும் இவ்வினத்தைச் சார்ந்ததே. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர்ச் செய்யப்பட்ட இத்தகைய மணிகள் தமிழகக் கடற்கரையிலும், ஈழத்து மாந்தையிலும் மண்ணிலிருந்து வெளிப்பட்டுள்ளன. நாம் வாழும் இத்தீபகற்பத்திலும் பழைய மணிகள் பல கிடைத்துள்ளன. அவற்றைச் சேர்ப்பது எவ்வாறு, தொடாமல் விடுவது எப்பொழுது என்பதைச் சற்று ஆராய்வோம்.

முதலில், இவை செய்யப்பட்ட முறையை அறிந்துகொள்ளுதல் வேண்டும். ஒவ்வொரு மணியையும் தனித்தனியே உருட்டித் துளையிட்டிருப்பார்கள் என்றே எவரும் எண்ணுவர். உண்மை அதுவன்று. துளையுள்ள ஒரு ரப்பர்க் குழாயை இருபுறமும் பிடித்து இழுத்துப் பாருங்கள். குழாய் மெலியும், துளையும் மெலியும், ஆயினும் துளை அடைபடுவதில்லை. பண்டைய கைவினைஞர் இவ்வுண்மையையே பயன்கொண்டனர். உருகிய கண்ணாடியை நீண்ட இரும்புக் குழலின் முனையில் திரட்டி, நடுவே துளையிட்டு, உலையின் வெப்பத்திலேயே அதனை மெல்லிய குழலாக இழுத்தனர். பின்னர் அக்குழலைச் சிறு துண்டுகளாக நறுக்கினர். துண்டுகளின் விளிம்பு கூர்மையாக இருக்குமன்றோ? ஆதலால் அவற்றைச் சாம்பலோடு கலந்து மீண்டும் சூடேற்றினர். கூர் மழுங்கியது, சாம்பல் உள்ளே நிறைந்திருந்தமையால் துளை மூடவில்லை. ஆந்திர மாநிலத்தில் திருப்பதிக்கு அருகேயுள்ள பாப்பநாயுடுபேட்டையில் இம்முறை இருபதாம் நூற்றாண்டிலும் வழக்கிலிருந்தது. அமெரிக்க ஆய்வாளர் பீட்டர் பிரான்சிஸ் அங்குச் சென்று அதனை நேரில் கண்டு எழுதினார். கிழக்கு ஆப்பிரிக்கா முதல் தூரக் கிழக்கு வரை காணப்படும் இவ்வகை மணிகளுக்கு ‘இந்தோ-பசிபிக் மணிகள்’ என்று பெயர் சூட்டியவரும் அவரே.

இவ்வாறு இழுத்துச் செய்த மணியைப் பூதக்கண்ணாடியால் நோக்கினால், உள்ளே அகப்பட்ட காற்றுக் குமிழிகள் துளை செல்லும் திசையிலேயே நீண்டிருக்கும். கம்பியைச் சுற்றி வார்த்த மணியிலோ குமிழிகள் துளையைச் சுற்றி வளைந்திருக்கும். நிறத்திற்கும் காரணம் உண்டு. செங்கல் நிறச் சிவப்பைத் தருவது செம்பு. காற்றுக் குறைந்த உலையில் சிவப்பாகும் அதே செம்பு, காற்று மிகுந்தால் நீலத்தையும் பச்சையையும் தரும். தெர்மாமீட்டர் இல்லாத காலத்தில் இதனைக் கட்டுப்படுத்தினார்கள் என்பது எமக்கு இன்றும் வியப்பே.

புதுச்சேரிக்குத் தெற்கே, அரியாங்குப்பம் ஆற்றங்கரையில், அரிக்கமேடு என்னும் மேடு உள்ளது. அவ்வூர்ச் சிறுவர் கையில் அழகிய மணிகள் இருப்பதை ழூவோ துப்ராய் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டார். 1937இல் அவர் சிறுவரிடமிருந்து மணிகளை விலைக்கு வாங்கினார். தாமும் தரையில் கிடந்தவற்றைப் பொறுக்கினார். ஒரு கல்லில் உரோமப் பேரரசர் அகஸ்டசின் தலை செதுக்கப்பட்டிருப்பதாக அவர் கருதினார். உங்களைப் போன்ற சிறுவரின் கைகளே அவ்வூரின் பெருமையை உலகுக்குக் காட்டின என்றால் மிகையாகாது.

ஆயினும் ஒன்றைக் கருதுக. அம்மணிகள் எக்காலத்தவை என்பதை அம்மணிகளால் சொல்ல இயலவில்லை. மேற்பரப்பில் பொறுக்கிய மணி நூறாண்டுக்கு முந்தியதாகவும் இருக்கலாம். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தியதாகவும் இருக்கலாம். 1945இல் மார்ட்டிமர் வீலர் அங்கு முறைப்படி அகழ்ந்தார். மண்ணடுக்குகளை ஒவ்வொன்றாக நீக்கியபொழுது, இத்தாலி நாட்டில் வனையப்பட்ட செந்நிறக் கலங்களின் உடைந்த ஓடுகள் கிடைத்தன. அவை செய்யப்பட்ட காலம் முன்பே தெரியும். ஆகவே அதே அடுக்கில் கிடந்த பிற பொருள்களின் காலமும் தெளிவாயிற்று. அழகிய மணிகள் சொல்லாததை அழகற்ற ஓடுகள் சொல்லின! 1989 முதல் 1992 வரை விமலா பெக்லி அம்மையார் மீண்டும் அகழ்ந்து, அக்குடியிருப்பு வீலர் கருதியதினும் பழைமையானது என்று நிறுவினார்.

இனி, நம் நாட்டிற்கு வருவோம். கேமரன் மலையிலிருந்து இறங்கி ஈப்போ, தைப்பிங் வழியாக மேற்கே கடலை நோக்கிச் சென்றால் மாத்தாங் அலையாத்திக் காடுகளைக் காணலாம். அங்குள்ள கோலா செலின்சிங் என்னுமிடத்தில் ஐவர் எவன்ஸ் அகழ்ந்தார். திரள் திரளாக மணிகள் கிடைத்தன. ஸ்ரீ விஷ்ணுவர்மன் என்னும் பெயர் பொறித்த சூதுபவள முத்திரை ஒன்றும் அங்குக் கிடைத்தது. கெடாவில் சுங்கை மாஸ் என்னுமிடத்திலும் மணிகள் ஏராளம்.

இதைக் கேட்டதும், ‘இவை யாவும் நம் முன்னோர் தமிழகத்திலிருந்து கொணர்ந்தவை’ என்று மேடையில் முழங்குவோர் உளர். நாம் அவ்வாறு கூறமாட்டோம். இவ்விரு இடங்களிலும் கண்ணாடிக் கழிவுகள் கிடைத்துள்ளமையால், மணிகள் இங்கேயே செய்யப்பட்டன என்று ஆய்வாளர் கருதுகின்றனர். தொழில்நுட்பம் கடல் கடந்து வந்தது. அதனை இம்மண்ணில் வாழ்ந்தோரும் கற்றுச் செய்தனர். கழிவைக் குப்பையென்று எறிந்துவிட்டு மணியை மட்டும் எடுத்துச் சென்றிருந்தால் இதனை நாம் அறிந்திருக்கவே முடியாது.

அவ்விதம் நேர்ந்த இடமும் உண்டு. தென் தாய்லாந்தின் கிராபி மாநிலத்தில் குவான் லுக் பாட் என்றோர் ஊர். அப்பெயருக்கே ‘மணிமேடு’ என்பதுதான் பொருள். மணிகளுக்கு நல்ல விலை உண்டு என்றறிந்தோர் கண்ட இடமெல்லாம் குழி தோண்டி, மணிகளைச் சலித்தெடுத்து விற்றனர். அடுக்குகள் கலைந்தன. அங்குத் தப்பிக் கிடைத்த பொருள்களுள் ஒன்று, பொன்னை உரைத்துப் பார்க்கும் சிறிய உரைகல். அதில் ‘பெரும்பதன் கல்’ என்று பழந்தமிழ் எழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளது. கி.பி. 3 அல்லது 4ஆம் நூற்றாண்டில் தமிழ்ப் பொற்கொல்லர் ஒருவரின் உடைமையாக இருந்த கல் அது. அவருடைய பட்டறை எங்கு இருந்தது, அருகில் எவர் வாழ்ந்தனர், உலை எத்தகையது என்பவற்றை அம்மண்ணடுக்குகள் சொல்லியிருக்கக்கூடும். விற்றுப்போன மணிகள் இன்று யார் யார் கழுத்தில் கிடக்கின்றனவோ!

ஆகவே மாணவர்களே, ஆற்றோரத்திலோ தோட்டத்து மண்சரிவிலோ பழைய மணியையோ ஓட்டையோ கண்டால் தோண்டாதீர்கள். கண்ட இடம், நாள், எத்தகைய மண், அருகில் கிடந்தவை ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, ஆசிரியரிடம் உடனே கூறுங்கள். 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டப்படி, அத்தகைய பொருளைக் கண்டெடுப்போர் மாவட்ட அதிகாரிக்கோ மரபுடைமை ஆணையருக்கோ தெரிவித்தல் வேண்டும். நமக்குரிய மாவட்ட அலுவலகம் தானா ராத்தாவிலேயே உள்ளது.

சேர்க்கும் ஆர்வம் உடையோர்க்கு வீட்டிலேயே வேலை இருக்கிறது. நம் பள்ளி மாணவி ஒருத்தி தன் பாட்டியாரின் தகரப் பெட்டியிலிருந்து கறுப்பும் சிவப்புமான பாசிமணிச் சரம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாள். அதைவிட நம்மைக் கவர்ந்தது, அதனுடன் அவள் மடித்து வைத்திருந்த தாள். ‘பாட்டியின் அம்மா ரஜுலா கப்பலில் வந்தபோது கழுத்தில் போட்டிருந்தது. நூல் மட்டும் இங்கே மாற்றியது’ என்று அதில் எழுதியிருந்தாள். நாம் குறிப்பிடும் சேகரிப்பு இத்தகையதே. உங்கள் லயத்து வீடுகளிலும் உடைந்த வளையல், மூக்குத்திக் கல், தாலிச்சரட்டு மணி இருக்கக்கூடும். பெரியோர் உடனிருக்கும்போதே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மெய்யான பழம்பொருள்களைக் காண விழைவோர், கெடா மாநிலத்தில் மெர்போக் அருகேயுள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் அருங்காட்சியகத்திற்குப் பெற்றோருடன் சென்று வரலாம். போகும்போது ஒரு பூதக்கண்ணாடியை மறவாதீர்கள். பேழைக்கு வெளியே நின்றபடியே, குமிழிகள் எத்திசையில் நீண்டிருக்கின்றன என்று பார்த்து வந்து எம்மிடம் கூறுங்கள்.