தொழில் சந்தை: மண்டபத்திற்கு முன் வெற்றிடப் படிவம்

எமதூர்ப் பள்ளிவாசல் மண்டபத்தில் நாம் நடத்திய முதலாவது தொழில் சந்தையில் சுயவிபரக் கோவைகள் குவிந்தன. வேலை பெற்றவர்களோ விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே. "நல்ல பிள்ளைகள் இருந்தால் எடுப்போம்" என்ற முதலாளிமாருக்கெல்லாம் மேசை கொடுத்ததுதான் தவறு. எனது கடையும் அவற்றில் ஒன்று.

அடுத்த முறை ஒரு மாதத்திற்கு முன்பே வெற்றிடப் படிவம் அனுப்பினோம். பதவி, வேலை நேரம், சம்பளம், ஊழியர் சேமலாப நிதி ஆகியவற்றை நிரப்பாதவருக்கு மேசையில்லை. சம்பளத்தில் சேமலாப நிதிக்கு முதலாளி 12 வீதமும் ஊழியர் 8 வீதமும், நம்பிக்கை நிதிக்கு முதலாளி மேலும் 3 வீதமும் செலுத்துவது சட்டம். பெற்றோர் முதலில் கேட்பதும் இதைத்தான்; மழுப்பும் கடையில் உயர்தரம் படித்த பிள்ளை நிலைக்காது.

நேர்முகப் பரீட்சையை அங்கேயே முடித்து, நியமனக் கடிதம் வழங்கும் திகதியையும் எழுதி வாங்கினோம். இரு வாரங்களின் பின் தொலைபேசியில் விசாரிக்கவும் ஒருவரை வைத்தோம். அதுதான் கஷ்டமான வேலை. சில முதலாளிமார் அழைப்பை எடுப்பதேயில்லை.